பிரஷர் மாத்திரையில் கால் வீங்கினால் மாத்திரையை மாற்றலாம், விடக் கூடாது

தம்பி, நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அப்பாவுக்கு 57 வயது, தங்கச்சிமடம், விசைப்படகில் போகிறவர். ஊரில் நடந்த முகாமில் பிரஷர் 168/102 இருந்தது. அம்லோடிபின் 5 மி.கி. கொடுத்தார்கள், அவர் தலைவலி வந்த நாளில் மட்டும் போட்டார். அடுத்த முறை பார்த்தபோதும் குறையவில்லை என்று 10 ஆக்கினார்கள். இப்போது சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்குகிறது, அதனால் மாத்திரையே வேண்டாம் என்கிறார். சர்க்கரை இல்லை. முதுகுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுவார். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் டெல்மிசார்டனை வாங்கிக் கொடுக்கலாமா, ஆயுசு முழுக்கப் போட வேண்டுமா, கிட்னி போய்விடுமா, நாட்டு மருந்தில் தீருமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: அக்கா 5 மாதக் கர்ப்பம், அவருக்கும் 150/96 என்றார்கள், அப்பா மாத்திரையையே கொடுக்கலாமா என்று.

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். கர்ப்பத்தில் 150/96 என்பது விட்டுப் பார்க்கிற எண் இல்லை. அப்பாவின் மாத்திரையில் பாதியைக்கூட அக்காவுக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு டெல்மிசார்டனும் வேண்டாம்: டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி 'சார்டன்' என்று முடிகிற மருந்துகளும், எனலாபிரில், ராமிபிரில் மாதிரி 'பிரில்' என்று முடிகிறவையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பனிக்குட நீரைக் குறைக்கும். கர்ப்பிணிகளுக்கென்று லேபெட்டலால், நீண்ட நேரம் வேலை செய்கிற நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று நீண்ட காலமாகக் கொடுத்துப் பழகிய மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை மகப்பேறு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்ப்பார்கள். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஊரிலேயே ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம் என்று நேரத்தைக் கடத்த வேண்டாம்.

சரி, இனி அப்பா.

நான் டாக்டர் இல்லை. இந்தக் கடற்கரைப் பக்கம் அரசு மருந்தகங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை என்றாலும், டாக்டரிடம் சொல்லாததை எல்லாம் ஆட்கள் மருந்து வாங்கும் ஜன்னலில் நின்று சொல்வார்கள். அதனால் மாத்திரையை யார், எப்போது, ஏன் நிறுத்துகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கீழே எழுதுவதை வைத்து நீங்களே மருந்தை மாற்றிவிடாதீர்கள், டாக்டரிடம் என்ன பேசுவது என்பதற்கு இது உதவும், அவ்வளவுதான்.

இப்போது தடைக்காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பா வீட்டில் இருப்பார். பிரஷருக்கு மருந்தைச் சரிப்படுத்த இதைவிட நல்ல சமயம் வருஷத்தில் வேறு கிடையாது, ஏனென்றால் எந்த மாத்திரையையும் தொடங்கினாலோ மாற்றினாலோ அதன் முழு பலனைப் பார்க்கச் சில வாரம் ஆகும், நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். தொழில் நடக்கிற மாதத்தில் இந்த இரண்டுக்கும் ஆள் பிடிபட மாட்டார்.

முதலில் அளப்பதை ஒழுங்காக்குங்கள். முகாமில் வரிசையில் நின்று, டீ குடித்துவிட்டு, பீடி குடித்துவிட்டு, சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி எடுத்த எண்ணை வைத்து 5 மி.கி.யை 10 ஆக்கியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். வீட்டில் மேற்கையில் கட்டுகிற மெஷின் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, 5 நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையில் மாத்திரைக்கு முன்னால் இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை. ஒரு வாரம் எடுத்து நோட்டில் எழுதுங்கள், முதல் நாள் எண்ணை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள். ஆஸ்பத்திரியில் 140/90-ஐ எல்லையாக வைத்தால் வீட்டில் எடுப்பதற்கு 135/85தான் எல்லை. டாக்டர் கையில் அந்த நோட்டைக் கொடுத்தால் பாதிப் பேச்சு முடிந்தது.

ஆயுசு முழுக்கவா என்ற கேள்வி. பெரும்பாலும் ஆமாம். படகின் அடியில் ஊறுகிற தண்ணீரைத் தினமும் இறைக்கிறோம், தளம் காய்ந்து கிடக்கிறது என்பதால் ஊற்று அடைந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை, இறைப்பதால்தான் காய்ந்து கிடக்கிறது. 128/80 வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்துகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் தவறுகிறார்கள். எடை நன்றாகக் குறைந்து, குடியை விட்டு, உப்பைக் குறைத்த சிலருக்கு டாக்டர் அளவைக் குறைப்பதுண்டு, ஒரு மாத்திரையை எடுத்துவிடுவதும் உண்டு. ஆனால் அதை எண்களைப் பார்த்துப் படிப்படியாகச் செய்வார்கள். தலைவலி இல்லை என்பதை வைத்து முடிவு செய்வது எதற்கும் உதவாது, 180 இருக்கும்போதும் தலைவலி இல்லாமல் வலை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். தினமும் போடுவதால் என்ன லாபம் என்று அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள்: 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள், மேல் எண் 10 குறைந்தால் பக்கவாதம் ஏறக்குறைய 27 சதவீதம் குறைகிறது. கையும் காலும் இழுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை நம் ஊரில் எல்லாத் தெருவிலும் பார்க்கலாம், அவர்களிடம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் மாத்திரையை இடையில் விட்ட கதையைத்தான் சொல்வார்கள்.

இனி மாத்திரைகள். அம்லோடிபின் நல்ல மருந்து, அதைத் திட்ட வேண்டாம். மலிவு, சிறுநீரகத்தைத் தொடாது, ரத்தப் பரிசோதனை தேவையில்லை, உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும், அதனால் ஒரு நாள் மறந்தாலும் பிரஷர் உடனே எகிறாது. அதே காரணத்தால் தலைவலிக்கு ஒன்று போட்டு அரை மணியில் குறையும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமும் இல்லை. தினமும் போட்டால் ஒரு வாரம், பத்து நாளில்தான் நிலைக்கு வரும். உங்கள் அப்பா 5 மி.கி.யை ஒழுங்காகப் போடவே இல்லை, 'கேட்கவில்லை' என்று 10 ஆக்கிவிட்டார்கள். டாக்டரைக் குறை சொல்ல முடியாது, தினமும் போடுகிறாயா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் தலையாட்டுகிறோம்.

கால் வீக்கம் இந்த மருந்தின் தெரிந்த குணம்தான். சின்ன ரத்தக் குழாய்களில் உள்ளே வருகிற பக்கத்தை இது விரிக்கிறது, வெளியேறுகிற பக்கத்தை அந்த அளவுக்கு விரிப்பதில்லை, அதனால் நடுவில் அழுத்தம் கூடி நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. மருந்து நிறுவனத்தின் குறிப்பிலேயே 5 மி.கி.யில் 100 பேரில் 3 பேருக்கு, 10 மி.கி.யில் 11 பேருக்குப் பக்கம் என்று இருக்கிறது. அளவைக் கூட்டினால் பலன் கொஞ்சம்தான் கூடும், வீக்கமோ மூன்று மடங்குக்கு மேல். இதற்கு நீர் போகிற மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அதில் பெரிதாகப் பலன் இருக்காது, ஏனென்றால் உடம்பில் நீர் அதிகமாகி வந்த வீக்கம் இல்லை இது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வீக்கம் ஒரு காலில் மட்டும் இருந்து வலித்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, காலையில் முகமும் சேர்ந்து வீங்கினாலோ மாத்திரை மேல் பழி போட்டுவிட்டு உட்கார வேண்டாம், இதயமா, கிட்னியா, ரத்தக்கட்டா என்று பார்க்க வேண்டும்.

அப்போ வழி என்ன? 10-ஐ மறுபடி 5 ஆக்கி, கூடவே இன்னொரு வகை மருந்தைச் சிறிய அளவில் சேர்ப்பது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட இரண்டாவது வகையைச் சேர்ப்பது ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாகப் பிரஷரைக் குறைக்கிறது என்று 2009-லேயே வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டியும் தொடக்கத்திலிருந்தே இரண்டு மருந்துச் சேர்க்கையை, முடிந்தால் ஒரே மாத்திரையாக, பரிந்துரைக்கிறது. எந்த ஜோடி நம் ஆட்களுக்கு நல்லது என்று இந்தியாவில் சுமார் 2,000 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2024-இல் வெளிவந்தது. அம்லோடிபினும் பெரிண்டோபிரிலும், அம்லோடிபினும் இண்டபமைடு என்கிற நீர் மாத்திரையும், பெரிண்டோபிரிலும் இண்டபமைடும் என்று மூன்று ஜோடி, மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்தன. ஆக, எந்த ஜோடி உசத்தி என்று அலைய வேண்டியதில்லை, எந்த ஜோடியை அப்பா முகம் சுளிக்காமல் தினமும் போடுவார் என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 40 என்று டாக்டர் மாற்றினால் எனக்கு ஆச்சரியம் இருக்காது, நம் அரசு மருத்துவமனைகளில் பழக்கமான ஜோடிதான் அது. இதில் இன்னொரு லாபமும் உண்டு: சார்டன் வகை வெளியேறுகிற பக்கத்துக் குழாயையும் விரிப்பதால் அம்லோடிபின் தருகிற கால் வீக்கமே குறையும். அதற்காகப் பக்கத்து வீட்டு அட்டையிலிருந்து நாலு மாத்திரை கடன் வாங்கித் தொடங்காதீர்கள். டெல்மிசார்டன் தொடங்குவதற்கு முன்னால் ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற எண், லேப்பில் 'உப்பு' என்பார்கள்), பொட்டாசியம் பார்க்க வேண்டும், தொடங்கி இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் திரும்பவும் பார்க்க வேண்டும். இரண்டாவது தடவை கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம், பழைய எண்ணிலிருந்து 30 சதவீதம் வரை ஏறுவதை ஏற்றுக்கொள்வார்கள், அதற்கு மேல் போனாலோ பொட்டாசியம் எகிறினாலோதான் மாற்றுவார்கள். லேப்பில் 'உப்பு கூடிருக்கு' என்று சொன்னதும் மாத்திரை கிட்னியைத் தின்றுவிட்டது என்று நிறுத்தியவர்கள் நிறையப் பேர். உண்மையில் நிறுத்திய பிறகு ஏறுகிற பிரஷர்தான் வருஷக்கணக்கில் கிட்னியை அரிக்கும். சர்க்கரையால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு இந்தச் சார்டனைத்தான் கிட்னியைக் காப்பாற்றக் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஒரு நிலைமையில் இந்த மருந்து நிஜமாகவே கிட்னிக்கு ஆபத்து, அதை நம் கடற்கரை ஆட்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். வாந்தி பேதியாகி உடம்பில் தண்ணீர் வற்றிப்போன நாள், அல்லது வெயிலில் வேர்த்துக் கொட்டிச் சரியாகத் தண்ணீர் குடிக்காத நாள். அந்த நிலையில் சார்டன் அல்லது பிரில், நீர் போகிற மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் கிட்னி சில நாளிலேயே படுத்துவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்பவர்களுக்கும் தளத்தில் நின்று வலை இழுப்பவர்களுக்கும் இது தூரத்துச் செய்தி கிடையாது. வாந்தி பேதி வந்தால் சரியாகிச் சாப்பாடு இறங்கும் வரை அந்த ஒன்றிரண்டு நாள் டெல்மிசார்டனையும் நீர் மாத்திரையையும் நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நடுக்கடலில் கேட்க முடியாது. அங்கே போனில் சிக்னலும் இருக்காது.

அப்பாவின் முதுகுவலி மாத்திரைக்கு வருகிறேன், என் பார்வையில் அம்லோடிபினைவிடப் பெரிய பிரச்சினை அதுதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாமே உப்பையும் நீரையும் உடம்பில் தக்கவைத்துப் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் மட்டுப்படுத்தும். கரைக்கு வந்ததும் ஒரு வலி ஊசி, இரண்டு நாளைக்கு மாத்திரை என்று வாரம் தவறாமல் போடுகிறவருக்கு எத்தனை பிரஷர் மருந்து கூட்டினாலும் எண் இறங்காது. இன்னும் மோசம், பெயர் தெரியாத நாலைந்து மாத்திரையைக் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுப்பது. அதில் பல நேரம் ஸ்டீராய்டும் கிடக்கும், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வலி போகிறது, பிரஷரும் சர்க்கரையும் அதனாலேயே ஏறும். அப்பாவுக்கு வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், மேலே தடவுகிற களிம்பு, தடைக்காலத்தில் பிசியோதெரபி. வலி ஊசி போடுகிற இடத்தில் நான் பிரஷர்காரன், டெல்மிசார்டன் போடுகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள், கேட்காமலே போட்டுவிடுகிற இடங்கள் உண்டு.

மற்ற வகைகளைச் சீக்கிரமாகப் பார்த்துவிடலாம். எனலாபிரில், ராமிபிரில் சார்டனுக்கு அண்ணன் தம்பி மாதிரி, பலனும் அதே அளவுதான், சிலருக்கு நாள் முழுக்க வறட்டு இருமல் வரும், அது வந்தால் இருமல் மருந்து வாங்கிக் குடிக்காமல் சார்டனுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி, அந்த வகை அதன் பிறகு எப்போதும் வேண்டாம். பிரிலும் சார்டனும் சேர்த்துப் போடக் கூடாது, வேறு வேறு டாக்டரிடம் போகிறவர்களுக்கு இப்படி நடந்துவிடுகிறது.

நீர் போகிற மாத்திரையில் பிரஷருக்கு நல்லவை குளோர்தாலிடோன் 12.5 மி.கி., இண்டபமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு. 33,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-இல் வந்த பெரிய ஆய்வில் பழைய, மலிவான குளோர்தாலிடோன் புது மருந்துகளுக்குச் சளைக்காமல் நின்றது. அப்பாவுக்கு இரண்டு மருந்து போதவில்லை என்றால் மூன்றாவதாக இதுதான் வரும். அடிக்கடி ஒன்றுக்குப் போவது முதல் சில வாரத்தோடு அடங்கிவிடும். ஆனால் நம் வெயிலுக்கு இதில் கவனம் வேண்டும், சோடியம், பொட்டாசியம் இறங்கிக் கிறுகிறுப்பும் கெண்டைக்கால் பிடிப்பும் வரலாம், வயதான அம்மாக்களுக்கு ஆளே குழம்பிப் போவதும் உண்டு. யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அம்லோடிபின், சார்டன், ஒரு நீர் மாத்திரை என்று மூன்று வகையும் சேர்ந்தும் அடங்காவிட்டால் ஸ்பைரோனோலாக்டோன் என்று ஒன்று இருக்கிறது, அந்த இடத்தில் நன்றாக வேலை செய்யும். அந்த நிலை வந்தால் மருந்தைக் கூட்டும் முன்னால் நிஜமாகவே தினமும் போடுகிறாரா, குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று தூங்குகிறாரா, குடி எவ்வளவு என்று தோண்டிப் பார்ப்பதுதான் முறை.

அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை முன்பு எல்லாருக்கும் எழுதுவார்கள். மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், படபடப்பு உள்ளவர்களுக்கு இப்போதும் அவசியம். வெறும் பிரஷருக்கு முதல் மருந்தாக இப்போது பரிந்துரைப்பதில்லை, பக்கவாதத்தைத் தடுப்பதில் கொஞ்சம் பின்தங்குகிறது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது நெஞ்சுவலியில் கொண்டுபோய் விடும்.

ஆம்பிளைகள் வெளியே சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு படுக்கையில் சரியாக இல்லை என்று சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. அட்டெனலால் மாதிரி மருந்துகளிலும் நீர் மாத்திரையிலும் அந்தத் தொந்தரவு வரலாம், சார்டனிலும் அம்லோடிபினிலும் மிகக் குறைவு. பல நேரம் பிரஷரும் புகையும்தான் காரணமாக இருக்கும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாட்டு மருந்து கேட்டீர்கள். சர்ப்பகந்தா வேர் பிரஷரைக் குறைக்கும் என்பது உண்மை, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வகீல் 1949-இல் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது, அதிலிருந்து ரிசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டு நிறையப் பேர் சாப்பிட்டார்கள். மனச்சோர்வு, மூக்கடைப்பு, வயிற்றுப் புண் என்று தொந்தரவு வந்ததாலும் அதைவிட நல்லவை கிடைத்ததாலும் பின்னுக்குப் போய்விட்டது. பிரில் வகையின் முதல் மாத்திரையான கேப்டோபிரில்கூடப் பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்ததுதான். செடி, பாம்பு என்பதில் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது, எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று அளவு தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. பொடியில் அது தெரியாது. பூண்டும் முருங்கைக்கீரையும் தாராளமாகச் சாப்பிடட்டும், மாத்திரையோடு சேர்த்து.

சாப்பாட்டில் எல்லாம் சொல்ல மாட்டேன், கருவாடு மட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்பு, ஒரு தேக்கரண்டி. பழைய சோறு, ஒரு துண்டு திருக்கைக் கருவாடு, ஊறுகாய் என்றால் காலையிலேயே பாதிக்கு மேல் போய்விடும். பச்சை மீன் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், மீன் பிடிக்கிற வீட்டில் அதற்கா பஞ்சம். கருவாட்டை விடவே முடியாது என்றால் வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் எப்போதாவது. இந்துப்பு நல்லது என்று வாங்கிவிடாதீர்கள், அதுவும் சோடியம் உப்புதான். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு பொதுவாக நல்லதே, ஆனால் டெல்மிசார்டன் போடுகிறவர், கிட்னி சரியில்லாதவர் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஊற்று, ஆழ்குழாய்த் தண்ணீர் கரிக்கிற ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது, கரிக்கிற தண்ணீர் வழியாகவும் சோடியம் உள்ளே போகிறது.

மாத்திரையை வைத்திருக்கும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது, கடற்கரையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. டெல்மிசார்டன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு வாரத்துக்கு உள்ளதை அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் போட்டு வைத்தால் நம் உப்புக் காற்றில் பொதபொதவென்று ஆகிவிடும். போடுகிற நேரத்தில்தான் உரிக்க வேண்டும், அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். படகில் மூடி இறுக்கமான டப்பாவில், எஞ்சின் சூடு படாத இடத்தில். போகிற நாளைக்கு மட்டும் எடுத்துப் போகாமல் கூடுதலாக ஒரு அட்டை இருக்கட்டும், காற்று மாறினாலும் எஞ்சின் நின்றாலும் கணக்கு தவறும். எல்லை தாண்டியதாகப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்துவிடுகிற நிலைமையும் நமக்குப் புதிது இல்லை, மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வீட்டில் ஒருவர் போனில் வைத்திருந்தால் மருந்தைக் கேட்டு அனுப்பவாவது வழி இருக்கும்.

எந்த நேரத்தில் போடுவது? காலையா ராத்திரியா என்று பிரிட்டனில் 21,000 பேரை வைத்துப் பார்த்து 2022-இல் முடிவு சொன்னார்கள், வித்தியாசம் இல்லை. படகு ஏறுகிற நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் எந்தச் சாப்பாட்டை அப்பா தவறாமல் சாப்பிடுவாரோ அதோடு சேர்த்துவிடுங்கள். நீர் மாத்திரை வந்தால் மட்டும் காலையில். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து படிக்கிறவர்களுக்கும் ஒன்று: நோன்பு மாதத்தில் நாளைக்கு ஒரு வேளை மாத்திரையை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், நீர் மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் நோன்புக்கு முன்னாலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பதால்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிந்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். அப்பா இல்லாத நேரத்தில் வந்தால் அம்மா வாங்கி வைக்கலாம். வெளியே வாங்கினால் அட்டையில் மருந்தின் பெயரைப் பாருங்கள், கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள். பெயருக்குப் பின்னால் ஏஎம் என்று இருந்தால் பெரும்பாலும் அம்லோடிபினும் சேர்ந்தது, ஹெச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு. ஏஎம் போட்ட மாத்திரையோடு வீட்டிலிருக்கும் பழைய அம்லோடிபினையும் சேர்த்து விழுங்கித் தலைசுற்றி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புதுசு வந்ததும் பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எண் 180/120-க்கு மேல் காட்டினால் 5 நிமிஷம் விட்டு மறுபடி எடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை போவது, இதெல்லாம் இருந்தால் 108. ஒன்றும் இல்லாமல் எண் மட்டும் அதிகம் என்றால் அன்றைக்கோ மறுநாளோ டாக்டரைப் பாருங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்குகிற வேலை மட்டும் வேண்டாம், ஒரேயடியாக இறங்கினால் மூளைக்கு ரத்தம் போகாமல் போய்விடும்.

ஆக, இந்த வாரம் அப்பாவை உட்காரவைத்து நோட்டில் எண்களை எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது 5 மி.கி.யை அவர் விட்டுவிட்டுத்தான் போட்டார் என்பதையும், வலி மாத்திரையையும், குடி உண்டென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், ஒரு ஈசிஜி கேளுங்கள். வீக்கம் பிடிக்கவில்லை என்று 10-ஐ அவராக நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மருந்து மாற்றினால் மே கடைசி வாக்கில் இரண்டாவது ரத்தப் பரிசோதனை, எண் 140/90-க்குக் கீழே வந்திருக்கிறதா, முடிந்தால் 130-க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று ஒரு பார்வை, வராவிட்டால் அடுத்த படிக்கு இன்னும் இரண்டு வாரம் கையில் இருக்கும். அந்த முடிவுகள் வந்ததும் எண்களை எழுதுங்கள், பார்க்கிறேன். அக்காவை ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்றா என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லுங்கள்.